நாலு அப்பாவுகளுக்கு ஒரு சீட்டு

அன்றைக்கு வேலந்திட்டுப் படகுத்துறைக் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள்: வாக்குச்சாவடி மேசைக்குத் தலைவரான பொன்னுரங்கம். அவருடைய மனைவி அலமேலு. அலமேலுவின் தம்பி குள்ளப்பன். பொன்னுரங்கத்தின் சித்தப்பா அய்யாக்கண்ணு, திட்டிலேயே மூத்தவர். அப்பாவு. இன்னொரு அப்பாவு. அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அப்பாவு. தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பி வந்த அப்பாவு. அக்கரையிலிருந்து வந்த குமாஸ்தா மெனேசஸ். லாஞ்சு ஓட்டி ஜுவான். அவர் லாஞ்சிலேயே தூங்கினார், ஆனால் லாஞ்சு துறையில் கட்டியிருந்ததால் அவரையும் சேர்க்க வேண்டும். ஆக மொத்தம் பத்துப் பேர். ஒரு நாயும் இருந்தது. அது பாதியில் எழுந்து போய்விட்டதால் சேர்க்கவில்லை.

வேலந்திட்டு என்பது ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், போர்த்துகீசியர் ஆண்ட மொசாம்பிக்கை ஒட்டிக் கிடக்கும் மண்திட்டு. இவர்களுடைய தாத்தாக்கள் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரும்பு வெட்டி, ஒப்பந்தம் முடிந்து, ஊர் திரும்பக் கப்பல் ஏறியவர்கள். வழியில் தண்ணீர் பிடிக்கக் கப்பல் நின்றது. கரையில் தென்னை மரம் தெரிந்தது. "ஊர் வந்துடுச்சு" என்று மூட்டை முடிச்சோடு இறங்கிவிட்டார்கள். எந்தத் தாலுகா என்பதில் மட்டும் கொஞ்ச நாள் தகராறு இருந்ததாம்.

இந்தத் திட்டுக்கும் ஒரு தேர்தல் வந்தது. சட்டசபைக்கு ஆள் அனுப்ப வேண்டும். எல்லோருக்கும் ஓட்டுக் கிடையாது. ஆணாக இருந்தால் போர்த்துகீசிய பாஷை எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். பெண்ணாக இருந்தால் உயர்நிலைப் பள்ளி முடித்திருக்க வேண்டும். போட்டியிட்டது ஒரே ஒரு பட்டியல். அது அரசாங்கத்தின் பட்டியல்.

வேலந்திட்டில் ஏழு வாக்காளர்கள் இருக்கிறார்கள் என்று அக்கரை அதிகாரி மேலிடத்துக்கு முன்பே எழுதிவிட்டார். அந்த ஏழு பேரைக் கண்டுபிடிப்பது குமாஸ்தா மெனேசஸின் வேலை. மெனேசஸ் கோவாக்காரர். அவருடைய மாமியார் நாகப்பட்டினத்துக்காரி. ஆகவே அவருக்குத் தமிழ் தெரியும், அதிலும் திட்டு வாங்குகிற தமிழ் நன்றாகவே தெரியும்.

திட்டில் போர்த்துகீசிய எழுத்து இருந்தது ஒரே இடத்தில்தான். துறையில் ஒரு பலகை, அதில் 'இங்கே துப்பக் கூடாது' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஏழு ஆண்கள் எழுதப் பழகியிருந்தார்கள்.

"உன் பெயரை எழுது" என்றார் மெனேசஸ்.

பொன்னுரங்கம் 'இங்கே துப்பக் கூடாது' என்று எழுதினார்.

"தகப்பனார் பெயர்?"

அதற்குக் கீழே அதையே இன்னொரு தடவை எழுதினார். மெனேசஸ் இரண்டையும் படித்துப் பார்த்தார். எழுத்துப் பிழை இல்லை. ஏழு பேரும் தேறினார்கள். அலமேலுவும் எழுதிக் காட்டினாள். எழுதியதில் அவள் கையெழுத்துதான் அழகு. ஆனால் அவள் உயர்நிலைப் பள்ளி முடிக்கவில்லை. எந்தப் பள்ளியையும் அவள் ஆரம்பிக்கவுமில்லை.

அலமேலுவுக்கு அதில் வருத்தம் இல்லை. அவளுக்கு ஓட்டு வேண்டாம். லாஞ்சில் உட்கார ஓரிடம் வேண்டும். மகள் செங்கேணியை அக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தாள். தலைப்பிரசவம். நாள் நெருங்கிவிட்டது. அது மாமியார் இல்லாத வீடு. வெந்நீர் வைத்துக் கொடுக்கக்கூட ஆள் கிடையாது. மாப்பிள்ளைக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், ஆனால் எப்போது இறக்குவது என்று தெரியாது. ஆகவே தேர்தலன்று காலையில் லாஞ்சு வந்ததும், பழைய புடவைத் துணியும் சுக்கும் கட்டிய மூட்டையோடு அலமேலு துறையில் நின்றாள்.

"ஏறக் கூடாது" என்றார் மெனேசஸ். "தேர்தல் முடிகிற வரைக்கும் இந்த லாஞ்சில் மூன்று வகைதான் போகலாம். வாக்காளர், அதிகாரி, வாக்கு. நீ இதில் எது?"

"புள்ள பெறப் போறவளோட அம்மா, தொரை."

"அது நாலாவது வகை. நாலாவது வகை கிடையாது."

"அப்போ எனக்கு எப்போ லாஞ்சு?"

"முடிவு அறிவித்த பிறகு. மூன்று வாரம் ஆகும்."

"வயித்துல இருக்கிறது மூணு வாரம் பொறுக்குமா? அதுக்கு உங்க சட்டத்தை யாரு படிச்சுக் காட்டுறது?"

மெனேசஸுக்கு அந்தக் குரலில் மாமியார் ஞாபகம் வந்தது. ஒரு அடி பின்னால் போனார். ஆனால் சட்டத்தை மாற்றவில்லை. ஓட்டு இல்லாதவர்கள் துறைப் பக்கமே வரக் கூடாது என்றும், டீ போட ஆள் வேண்டுமென்பதால் அவள் மட்டும் இருக்கலாம் என்றும் சொன்னார். அலமேலு மூட்டையை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பிறகு மெனேசஸ் விதிகளைச் சொன்னார். பெட்டி காலியாக இருப்பதை எல்லோருக்கும் காட்ட வேண்டும். ஒவ்வொரு பெயரையும் ஒரே ஒரு தடவை கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். சீட்டில் வேண்டாத பெயர் இருந்தால் அடிக்கலாம். யாரை வைத்தோம், யாரை அடித்தோம் என்பது ஒருவருக்கும் தெரியக் கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஏழு சீட்டையும் பெட்டிச் சாவியையும் பொன்னுரங்கத்திடம் கொடுத்துவிட்டு, தென்னை நிழலில் போய்ப் படுத்தார். ஏழு என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டதால் அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

முதலில் பெட்டியைக் காட்டினார்கள். அய்யாக்கண்ணு சீட்டுப் போடுகிற துவாரத்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்.

"காலியா இல்லைடா. உள்ளே இருட்டு இருக்கு."

நாலு அப்பாவுகளும் வரிசையாகப் பார்த்து, இருட்டு இருப்பதாகவே சொன்னார்கள். பொன்னுரங்கத்துக்கு வியர்த்துவிட்டது. முதல் விதியிலேயே தவறு வந்தால் மேசைத் தலைவர் பதவி என்ன ஆவது? மூடியைத் திறந்தார். இருட்டு ஓடிவிட்டது. மூடினார். திரும்பி வந்துவிட்டது.

"வெளியே இருந்து வருதா, உள்ளேயே பதுங்குதா?" என்று கேட்டார் குள்ளப்பன்.

"எதுவா இருந்தா என்ன, மச்சான். அதுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியாது. அப்போ அது ஓட்டுப் போடாது. இருந்துட்டுப் போகட்டும்" என்றார் பொன்னுரங்கம். தலைவர் என்றால் சும்மாவா என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்தது சீட்டு. அதில் வரிசையாகப் பெயர்கள் அச்சாகியிருந்தன. ஒன்றுகூட 'இங்கே துப்பக் கூடாது' இல்லை. ஆகவே யாராலும் படிக்க முடியவில்லை. ஆனால் சீட்டின் அடியில், அச்சகத்தின் அடையாளமாக, சின்னதாக ஒரு சேவல் படம் போட்டிருந்தது. கொட்டகைச் சுவரில் தொங்கிய காலண்டரிலும் அதே சேவல் இருந்தது.

"இதுல நமக்குத் தெரிஞ்ச முகம் இது ஒண்ணுதான்" என்றார் அய்யாக்கண்ணு. "முன்னே பின்னே தெரியாதவங்களை எப்படிடா சட்டசபைக்கு அனுப்புறது?"

"சேவல் நல்ல ஆளு, சித்தப்பா. இத்தனை வருஷமா சுவத்துல இருக்கு. ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்லை" என்றார் பொன்னுரங்கம்.

சேவலை வைத்துக்கொண்டு மற்றவர்களை அடிப்பது என்று தீர்மானமாயிற்று. ஆனால் யாரை அடித்தோம் என்பது ஒருவருக்கும் தெரியக் கூடாதே. ஒருவருக்கும் என்றால் அடிக்கிறவரும் அதில் சேர்த்திதான். ஆகவே சேவலின் மேல் இடது கட்டைவிரலை வைத்து மூடி, இரண்டு கண்ணையும் இறுக்கிக்கொண்டு, பென்சிலால் மற்ற எல்லாவற்றையும் அடித்தார்கள். பொன்னுரங்கம் சீட்டோடு மேசையையும் சேர்த்து அடித்தார். அய்யாக்கண்ணு சரியாக அடித்தார். குள்ளப்பன் பட்டியலையும் அடித்து, தன் கட்டைவிரலையும் அடித்துக்கொண்டார். மூன்று சீட்டும் பெட்டிக்குள் போயின.

பொன்னுரங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூப்பிட்டார்: "அப்பாவு!"

நாலு அப்பாவுகளும் எழுந்து வந்தார்கள்.

பொன்னுரங்கம் ஒரு சீட்டை நீட்டினார். ஒரு பெயரை ஒரு தடவைதான் கூப்பிடலாம். ஒரு தடவை கூப்பிட்டால் ஒரு சீட்டுத்தான் கொடுக்கலாம். இன்னொரு தடவை கூப்பிட்டால் விதி கெட்டுவிடும். மீதி மூன்று சீட்டு மேசையில் கிடந்தது. ஆனால் கூப்பிடப் பெயர் மீதி இல்லை.

"சீட்டுக்கு எத்தனை மூலை?" என்று கேட்டார் அய்யாக்கண்ணு.

"நாலு."

"அப்பாவு எத்தனை?"

"நாலு."

"அப்புறம் என்னடா? சர்க்காரு எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கு."

நாலு பேரும் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, பந்தலைத் தூக்கி வருவதுபோலப் பெட்டிக்கு வந்தார்கள். கை காலியில்லாததால் பெயர் எதையும் அடிக்க முடியவில்லை. பெட்டிக்கு மேலே சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"விடுங்கடா" என்றார் பொன்னுரங்கம்.

"முதல்ல விடுறவனோட ஓட்டு என்ன ஆகும்?" என்று கேட்டார் ஒரு அப்பாவு.

"அது மத்தவன் கையிலதானே இருக்கும்."

"அப்போ நான் விடமாட்டேன்."

"நானும் விடமாட்டேன்."

"எல்லாரும் ஒண்ணா விடுங்களேன்" என்றார் குள்ளப்பன்.

"இவன் விடுறானான்னு நான் பார்த்துட்டுத்தான் விடுவேன்" என்றார் நாலாவது அப்பாவு. மற்ற மூவரும் அதே கருத்தைக் கொண்டிருந்தார்கள். வெயில் ஏறியது. நாலு பேரும் சீட்டைப் பிடித்தபடியே நின்றார்கள். நாய் இந்தச் சமயத்தில்தான் எழுந்து போனது.

அலமேலு தண்ணீர் மட்டத்தைப் பார்த்தாள். வற்றம் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் இறங்கிவிட்டால் லாஞ்சு சேற்றில் உட்கார்ந்துவிடும். அப்புறம் யாருமே போக முடியாது, எந்த வகையானாலும்.

"அப்பாவு, யாருக்கெல்லாம் டீ?" என்று கேட்டாள்.

நாலு கையும் மேலே போயின.

சீட்டு விழுந்தது. ஆனால் பெட்டியில் விழவில்லை. அந்த நேரம் பார்த்து அடித்த காற்றில் அது பறந்தது. மேசையில் கிடந்த மூன்று சீட்டும் அதன் பின்னாலேயே பறந்தன. நாலும் துறைக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் விழுந்து, கொஞ்சம் மிதந்து, முழுகிப் போயின.

நாலு அப்பாவுகளும் இன்னும் கையைத் தூக்கியபடியே இருந்தார்கள்.

"ஓட்டு பெட்டிக்கு வரலைன்னா, பெட்டிதான் ஓட்டுக்கிட்ட போகணும்" என்றார் பொன்னுரங்கம்.

பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். நாலு ஓட்டும் ஒரே சமயத்தில் வந்தால் துவாரம் பற்றாது. ஏற்கெனவே இருந்த மூன்று சீட்டும் வெளியே போகாதபடி அவற்றின் மேல் ஒரு கல்லை வைத்தார்கள். கயிறு கட்டும்போது குள்ளப்பன் ஒரு துண்டுக் கருவாட்டை உள்ளே போட்டார்.

"அது எதுக்கு மச்சான்?"

"சும்மா கேட்டா ஓட்டு வராது மாமா. கையில ஏதாவது குடுக்கணும்னு நேட்டால்ல இருந்து வந்த ஆளு ஒருத்தரு சொல்லியிருக்காரு."

பெட்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டு எல்லோரும் டீ குடித்தார்கள். டீ முடிந்ததும் இழுத்தார்கள். கனமாக வந்தது. தண்ணீர் வடிந்ததும் உள்ளே பார்த்தார்கள். கல் இருந்தது. கல்லின் அடியில் மூன்று சீட்டும் பத்திரமாக இருந்தன. கருவாடு இல்லை. அது இருந்த இடத்தில் நாலு நண்டுகள் உட்கார்ந்திருந்தன.

"தண்ணியில போனது நாலு. வந்தது நாலு. சரியா இருக்கு" என்றார் அய்யாக்கண்ணு.

"என்னோடது இதுதான். பார்த்தாலே தெரியுது" என்றார் ஒரு அப்பாவு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இரைச்சல் கேட்டு மெனேசஸ் எழுந்து வந்தார். பெட்டியைப் பார்த்தார். நாகப்பட்டினத்துத் தமிழில் கொஞ்ச நேரம் பேசினார். அதை எழுத முடியாது. பேசி முடித்ததும் அவரே எண்ண ஆரம்பித்தார். சீட்டு மூன்று, நண்டு நாலு. ஆக ஏழு. அவருக்கு வேண்டியதும் ஏழு.

"யார் யாருக்கு எத்தனை?" என்று கேட்டார், குரலைத் தாழ்த்தி.

"மூணு ஓட்டு சேவலுக்குங்க" என்றார் பொன்னுரங்கம். "நண்டுங்க யாரையும் அடிக்கலை. அதனால அது நாலும் உங்க பட்டியலுக்குத்தான் சேரும். நாலுக்கு மூணு. சர்க்காரு ஜெயிச்சுடுச்சு தொரை."

மெனேசஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அரசாங்கத்தை நாலு நண்டுகள் காப்பாற்றியிருந்தன. எப்படியும் அக்கரையில் பெட்டியைத் திறந்து எத்தனை என்றுதான் பார்ப்பார்கள், என்ன என்று யார் பார்க்கப் போகிறார்கள்? பெட்டிக்கு முத்திரை வைக்க அரக்கு உருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, லாஞ்சிலிருந்து அரக்கு எடுத்து வரப் போனார். மற்றவர்கள் அவர் பின்னாலேயே போனார்கள். அரக்கு எப்படி இருக்கும் என்று அவர்கள் பார்த்ததில்லை.

அலமேலு பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக இருந்தாள். லாஞ்சில் போகிறவை மூன்று வகை. வாக்காளர் ஆக முடியாது. அதற்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும். அதிகாரி ஆக முடியாது. அதற்குத் தொப்பி வேண்டும். அடுப்பில் டீக்கு வைத்த வெந்நீர் மீதி இருந்தது. மூட்டையில் சுக்கு இருந்தது. அவள் பெட்டிக்குள் கையை விட்டாள்.

மெனேசஸ் அரக்கோடு வந்து கடைசியாக ஒரு தடவை எண்ணியபோது நண்டு மூன்றுதான் இருந்தது.

"ஒன்று எங்கே?"

"பசிச்சுது தொரை. சாப்பிட்டுட்டேன்" என்றாள் அலமேலு.

"அக்கா! ஓட்டையா சாப்பிட்டே?" என்று அலறினார் குள்ளப்பன். ஒரு அப்பாவு மயங்கி இன்னொரு அப்பாவுவின் மேல் சாய்ந்தார்.

"இப்போ சேவலுக்கு மூணு, சர்க்காருக்கு மூணு" என்றார் பொன்னுரங்கம், மெல்ல.

மெனேசஸ் அரக்கைக் கீழே வைத்தார். "இன்னொரு நண்டு பிடித்துப் போடு. சீக்கிரம்!"

ஏழு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அய்யாக்கண்ணு ஒரு அடி முன்னால் வந்தார்.

"கள்ள ஓட்டா, தொரை? எங்க தாத்தன் காலத்துல இருந்து இந்தத் திட்டுல அந்த மாதிரி நடந்ததே இல்லைங்க." அதற்கு முன் தேர்தலும் நடந்ததில்லை. அதை அவர் சொல்லவில்லை.

"அப்படியானால் ஏழுக்கு நான் எங்கே போவேன்?"

"ஓட்டு எங்கேயும் போகலை" என்றாள் அலமேலு. "இங்கேதான் இருக்கு." வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

பொன்னுரங்கம் பெட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ சொல்றது நியாயம்தான். ஓட்டு பெட்டி மாறியிருக்கு, அவ்வளவுதான். அந்தப் பெட்டியும் எண்ணுற இடத்துக்குப் போயாகணும்."

"தொறக்காமப் போகணும்" என்றார் குள்ளப்பன்.

"முத்திரை வைக்கணும்" என்றார்கள் நாலு அப்பாவுகளும்.

மெனேசஸ் தண்ணீரைப் பார்த்தார். லாஞ்சின் அடிப்பகுதி வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. ஆறு ஓட்டோடு போனால் வேலை போய்விடும். ஏழாவது ஓட்டு மூட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றது. அவர் அரக்கை உருக்கி, பெட்டிக்கு ஒரு முத்திரை வைத்தார். அலமேலுவின் முந்தானையில் முடிச்சுப் போட்டு அதற்கு ஒரு முத்திரை வைத்தார்.

"போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. ஓட்டுப் பெட்டியை வழியில் திறப்பது குற்றம்."

அலமேலு வாயை மூடிக்கொண்டு தலையாட்டினாள். நாலு அப்பாவுகளும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து அவளை லாஞ்சில் ஏற்றினார்கள். அதில் பழக்கம் வந்திருந்தது. பொன்னுரங்கம் மரியாதையாகத் தலைத்துண்டை எடுத்துவிட்டு நின்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவிக்கு அவர் தலைத்துண்டை எடுத்தது அன்றுதான்.

ஜுவான் எழுந்து லாஞ்சைக் கிளப்பினார். பாதி வழி போயிருப்பார்கள். கரையில் ஏழு பேரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கையை ஆட்டி ஏதோ கத்தினார்கள்.

"என்ன சொல்கிறார்கள்? திரும்பி வரச் சொல்கிறார்களா?" என்று கேட்டார் மெனேசஸ்.

அலமேலுவுக்குக் காது நல்ல காது. ஆனால் அவள் முத்திரை வைத்த பெட்டி. சீக்கிரம் போகச் சொல்கிறார்கள் என்று கையால் காட்டினாள். அக்கரை தெரிய ஆரம்பித்திருந்தது. அவள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கரையில் நடந்தது இதுதான். அடுப்புப் பக்கம் போன அய்யாக்கண்ணு, தட்டில் நண்டின் ஓடும் காலும் கிடப்பதைப் பார்த்துவிட்டார். அலமேலு சதையை மட்டும்தான் தின்றிருந்தாள்.

"பாதி ஓட்டு இங்கேயே கிடக்குதுடா!"

கத்திப் பார்த்தார்கள். லாஞ்சு நிற்கவில்லை. பாதி ஓட்டானாலும் சர்க்கார் சொத்து. அடுத்த லாஞ்சில் அனுப்ப வேண்டும். குறையில்லாமல் அனுப்ப வேண்டும். பொன்னுரங்கம் மேசையைத் துடைத்து, தட்டைக் கவிழ்த்து, எல்லோர் முன்னிலையிலும் எண்ணினார். மேல் ஓட்டைத் தனியாக வைத்தார். நண்டுக்குக் கால் எட்டு, கொடுக்கு இரண்டு. ஆக பத்து இருக்க வேண்டும். கால் எட்டும் இருந்தது. கொடுக்கு ஒன்றுதான் இருந்தது. மறுபடியும் எண்ணினார்.

"யாராவது எடுத்தீங்களா?"

நாலு அப்பாவுகளும் இல்லை என்றார்கள். அய்யாக்கண்ணு இல்லை என்றார். குள்ளப்பன் மட்டும் பதில் சொல்லவில்லை. அவரால் சொல்ல முடியாது. வாயில் கொடுக்கு இருந்தது.

மிச்சம் ஒன்பது.